அனல் அடங்கட்டும், அடுப்பு அணையக்கூடாது

ஆந்திர மாநிலத்தில் இன்று எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் சூரிய மின்சாரம், காற்றாலை, பசுமை எரிசக்தி என்ற பேச்சாகவே இருக்கிறது. 2024 அக்டோபரில் மாநில அரசு வெளியிட்ட ஒருங்கிணைந்த தூய எரிசக்திக் கொள்கை, 10 லட்சம் கோடி ரூபாய் முதலீடு வரும், 7.5 லட்சம் பேருக்கு வேலை கிடைக்கும் என்று கூறுகிறது. நிலக்கரியில் ஓடும் அனல்மின் நிலையங்களை மூட வேண்டும், புதிதாக ஒன்றும் கட்டக்கூடாது என்று சுற்றுச்சூழல் இயக்கத்தினர் நீண்ட காலமாகக் குரல் கொடுத்து வருகின்றனர். அரசும் இயக்கமும் ஏறக்குறைய ஒரே திசையைக் காட்டுவதுபோல் தோன்றும் இந்த வேளையில், சித்தூரிலும் திருப்பதியிலும் கூலிக்கு உழைத்துக் காலந்தள்ளும் நமது குடும்பங்களில் எழும் கேள்விகள் இரண்டு. ஒன்று: கரி நிலையத்தை மூடிவிட்டால், அங்கே ஓவர்ஹால் வேலைக்கும் சாம்பல் லாரி வேலைக்கும் போகிறவர்கள் கதி என்ன? மற்றொன்று: இது தெலுங்கு மக்களின் ஊர், அவர்களுடைய நிலம், அவர்களுடைய போராட்டம், பிழைக்க வந்த நமக்கு இதில் என்ன வேலை?

இரண்டும் நியாயமான கேள்விகள். கேட்பவரைப் பிற்போக்கு என்று தள்ளிவிடுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. நாம் அப்படிச் செய்ய மாட்டோம். நிலக்கரி போக வேண்டும் என்பதே நமது நிலை. ஆனால் அது போகும் வழியை நம் தலைக்கு மேலே யாரோ பேசி முடித்துவிட்டு, முடிவை ஒப்பந்தக்காரர் மூலம் நமக்குச் சொல்லி அனுப்புவதை ஏற்க முடியாது.

முதலில் நம் வீட்டு விளக்கிலிருந்தே தொடங்குவோம். ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க நமது நாட்டு நிலக்கரி சுமார் 700 கிராம் எரிய வேண்டியிருக்கிறது. இந்தக் கரியில் மூன்றில் ஒரு பங்கு வெறும் சாம்பல். இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி என்று மாதம் 100 யூனிட் செலவாகும் ஒற்றை அறை வீட்டுக்காக 70 கிலோ கரி எரிந்து, 20 கிலோவுக்கு மேல் சாம்பல் எங்கோ ஓரிடத்தில் குவிகிறது. அந்த எங்கோ ஓரிடம் நமக்குத் தூரமில்லை. கடப்பை மாவட்டம் முத்தனூர் அருகே 1994 முதல் மின்சாரம் எடுத்துவரும் ராயலசீமா அனல்மின் நிலையம் இன்று 1,650 மெகாவாட் அளவுக்கு வளர்ந்து நிற்கிறது. கிழக்கே நெல்லூர் மாவட்டத்துக் கிருஷ்ணபட்டினம் கடற்கரையில் அரசு நிலையம் ஒன்றும் தனியார் நிலையங்கள் பலவும் வரிசையாக நிற்கின்றன. அரசு நிலையம் மட்டும் 800 மெகாவாட் அலகுகள் மூன்று கொண்டது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆனபோது, அந்தப் புகைபோக்கிகளுக்குப் பக்கத்திலுள்ள கூடூர் வட்டாரமும் அதனுடன் சேர்க்கப்பட்டது நினைவிருக்கலாம்.

சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பலைப் போல வாரிக் கொட்டிவிட்டுப் போகும் பொருளன்று. மாவைவிட நைசானது; மூச்சோடு உள்ளே போனால் திரும்பி வராது. கரியில் இருக்கும் பாதரசமும் ஆர்சனிக்கும் இந்தச் சாம்பலில் தங்குகின்றன. சாம்பல் குளத்திலிருந்து கசிந்து கிணற்று நீரில் சேர்கின்றன. புகையோடு போகும் கந்தக வாயுவைக் கழுவி நீக்கும் கருவியை ஒவ்வொரு நிலையமும் பொருத்த வேண்டும் என்று மத்திய அரசு 2015 டிசம்பரில் விதி செய்தது. கெடு தள்ளிக்கொண்டே போயிற்று. கடைசியில் 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கு அளித்துவிட்டார்கள். பத்து ஆண்டுகள் இழுத்தடித்தவனுக்குப் பரிசு! இந்தச் சாம்பலிலும் லாபம் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. சிமென்ட் ஆலைக்கு அதை யார் ஏற்றிச் செல்வது என்று 2024 நவம்பரில் ராயலசீமாவில் ஆளும் கூட்டணித் தலைவர்களே ஒருவரோடொருவர் மோதிக்கொண்டு, விவகாரம் முதலமைச்சர் வரை போனதைப் பத்திரிகைகள் எழுதின. லாரி யாருடையது என்பதில் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை! அந்த லாரியில் தார்ப்பாய் கட்டும் ஆள் எதைச் சுவாசிக்கிறான் என்று அந்தச் சண்டையில் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். இது யாருடைய போராட்டம்?

ஆந்திரத்தின் வடகோடியில், ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் சோம்பேட்டை என்றொரு ஊர். அருகே பீலா எனப்படும் பெரிய சதுப்பு நிலம். அதன் நீரில் நெல் விளைந்தது, அதில் மீன் பிடித்தார்கள், கால்நடை மேய்த்தார்கள். அதிகாரிகளின் ஏட்டில் அது தரிசு. அந்த இடத்தில் 2,640 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்ட நாகார்ஜுனா கட்டுமான நிறுவனத்துக்கு நிலம் கொடுக்கப்பட்டது. விவசாயிகளும் மீனவர்களும் ஒன்றுசேர்ந்து தொடர் உண்ணாவிரதப் பந்தல் போட்டார்கள். மத்திய அரசின் மின்துறைச் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஈ.ஏ.எஸ். சர்மா போன்றோர் அவர்களுக்குத் துணை நின்றனர். 2010 ஜூலை 14 அன்று நிறுவனத்தின் ஆட்கள் போலீஸ் காவலோடு வேலை தொடங்க வந்தபோது மக்கள் மறித்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். வேடிக்கை என்னவென்றால், அதே நாளில் டெல்லியில் தேசியச் சுற்றுச்சூழல் மேல்முறையீட்டு ஆணையம் அந்தத் திட்டத்துக்கான அனுமதியை ரத்து செய்தது. பகலில் செத்தவன் மாலைவரை இருந்திருந்தால் வென்றவனாக வீடு திரும்பியிருப்பான். மறு ஆண்டு பிப்ரவரி 28 அன்று அதே மாவட்டத்தில் காகரபள்ளியிலும் துப்பாக்கி வெடித்தது. அங்கும் உயிர்கள் போயின. சோம்பேட்டையில் அனல்மின் நிலையம் எழவில்லை.

ஸ்ரீகாகுளம் நமக்கு அந்நியமான ஊர் என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்வோம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்களே, அவர்களில் பலர் ஸ்ரீகாகுளம், விஜயநகரம் மாவட்டங்களிலிருந்து கொத்து வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் வந்த தெலுங்குத் தொழிலாளர்கள். நாம் இங்கே வந்திருக்கிறோம். அவர்கள் அங்கே போகிறார்கள். தன் ஊரில் நிலமும் நீரும் இருந்தவரை யாரும் அடுத்த மாநிலத்தில் சாரம் ஏறப் போவதில்லை. பீலாவைக் காத்தவர்கள், தங்கள் பிள்ளைகள் மற்றொரு மௌலிவாக்கத்துக்குப் போகாமல் இருக்கவும் போராடினார்கள் என்றே நாம் புரிந்துகொள்கிறோம். (நம்மில் பலரை வந்தேறி என்று அழைப்பதே தவறு. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு போனது. சித்தூர், புத்தூர், நகரி இந்தப் பக்கம் நின்றன. கோடு நகர்ந்ததே தவிர, அங்கிருந்த தமிழர்கள் நகரவில்லை. அதை வேறொரு இதழில் விரிவாக எழுதுவோம்.)

ஆயினும் நமது மக்களுக்கு ‘சுற்றுச்சூழல் பாதுகாப்பு’ என்ற சொல்லின் மீது ஒரு கசப்பு உண்டு. காரணம் உண்டு. 2015 ஏப்ரல் 7 விடியற்காலையில் இதே திருப்பதிக்கருகே சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை இயக்கங்கள். செம்மரத்தைக் கப்பலேற்றி விற்றவர்கள் யாரும் அந்தக் காட்டில் விழுந்து கிடக்கவில்லை. அதன்பிறகு பல மாதங்கள், லுங்கி கட்டிக்கொண்டு தமிழ் பேசினாலே பேருந்து நிலையத்தில் விசாரணை என்ற நிலை இருந்ததை நம் குடும்பங்கள் அறியும். காட்டைக் காப்பது, காற்றைக் காப்பது என்று அதிகாரி வந்து சொன்னால், ‘எங்களைக் காப்பது யார்?’ என்று நம் பெண்கள் கேட்பதில் வியப்பில்லை. இந்தக் கேள்வியை எதிர்கொள்ளாமல் எந்தச் சுற்றுச்சூழல் இயக்கமும் தொழிலாளர் குடியிருப்புக்குள் நுழைய முடியாது. அதே சமயம், மண்ணையும் காற்றையும் காக்கும் பொறுப்பை அதிகாரிகளிடமே விட்டுவிட்டால் துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும் சேஷாசலம் நமக்குக் காட்டியிருக்கிறது.

கடலுக்கு அப்பால் நம் தமிழ் மக்கள் நடத்திய ஒரு போராட்டத்தையும் சொல்ல வேண்டும். திருகோணமலை மாவட்டம் சம்பூர். 2006 போரில் மக்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டனர். அவர்கள் முகாம்களில் கிடந்தபோதே, அந்த மண்ணில் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டுவதென்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற போராட்டமும் கரி வேண்டாம் என்ற போராட்டமும் அங்கே ஒன்றாயின. 2016 செப்டம்பரில், அந்த நிலையம் கட்டப்படாது என்று இலங்கை அரசு உச்ச நீதிமன்றத்தில் கூறியது. இன்று அதே சம்பூரில் அதே இரு நிறுவனங்களின் கூட்டில் சூரிய மின் நிலையம் வருகிறது; 120 மெகாவாட்டுக்கான அடிக்கல் 2025 ஏப்ரல் 5 அன்று நாட்டப்பட்டது. கரிக்குப் பதில் கதிர். இது வெற்றிதான். ஆனால் ஊர் மக்களின் நிலம் எவ்வளவு வேலிக்குள் போகிறது, வேலிக்குள் வேலை யாருக்கு என்ற கேள்விகள் கரியோடு சேர்ந்து மறைந்துவிடவில்லை.

நம் பக்கத்திலேயே பாருங்கள். மதனப்பள்ளிக்கு வடக்கே நம்புலபூலகுண்டாவில் 1,500 மெகாவாட் சூரிய மின் பூங்கா என்று திட்டமிட்டு, 2016இல் முதல் 250 மெகாவாட் ஓடத் தொடங்கியது. பூங்கா என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். மைல் கணக்கில் கண்ணாடித் தகடு, சுற்றிலும் வேலி. பட்டா வைத்திருந்தவனுக்கு ஏதோ ஒரு தொகை வரும். அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவனுக்கும் ஆடு மேய்த்தவனுக்கும் எந்தக் கணக்கிலும் இடமில்லை. தகடு பதிக்கும்போது நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும். பதித்து முடித்தால் சில காவலாளிகளும் தகடு கழுவும் சிலரும் போதும். அரசு சொல்லும் 7.5 லட்சம் வேலையில் எத்தனை எட்டு மாத வேலை, எத்தனை எட்டு ஆண்டு வேலை என்று பிரித்துச் சொல்லும்படி நாம் கேட்க வேண்டும்.

இன்னொன்று. தூய எரிசக்தியைச் சேமிக்க பேட்டரி வேண்டும். திருப்பதி அருகே கரகம்பாடியிலும் சித்தூர் பக்கத்தில் நூனேகுண்லபள்ளியிலும் உள்ள அமரராஜா பேட்டரித் தொழிற்சாலைகளை மூடும்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021 ஏப்ரல் 30 அன்று உத்தரவிட்டது. காற்றிலும் மண்ணிலும் தொழிலாளர் இரத்தத்திலும் ஈயம் இருக்கிறது என்பது வாரியத்தின் குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது, சில நாட்களிலேயே உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. இது அரசியல் பழிவாங்கல் என்று ஒரு கட்சியும், இல்லை என்று மறு கட்சியும் மாதக்கணக்கில் வாதாடின. அந்த வாதத்தில் எந்தப் பக்கம் உண்மை என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. நாம் கேட்பது ஒன்றே: ஈயத்தோடு புழங்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், ஒப்பந்தக்காரர் ஆளாக இருந்தாலும், இரத்தப் பரிசோதனை முடிவு அவன் கையில், அவனுக்குப் புரியும் மொழியில் கொடுக்கப்பட வேண்டும். கொடுத்துவிட்டால் கட்சிக்காரர்கள் வந்து விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

வேலை போய்விடுமே என்ற முதல் கேள்விக்கு வருவோம். கரி நிலையத்தில் நமக்கு இருப்பது என்ன வேலை? ஆண்டுக்கொரு முறை நிலையத்தை நிறுத்திப் பழுது பார்க்கும்போது சில வாரங்கள் சாரம் கட்டுவது, வெல்டிங், கொதிகலனுக்குள் இறங்கிச் சுரண்டுவது. மற்ற நாட்களில் சாம்பலும் கரியும் வாருவது. நிரந்தர ஊழியருக்கு மருத்துவமனை, குடியிருப்பு, ஓய்வூதியம், நமக்கு வாயிற்சீட்டு. நெய்வேலியைப் பாருங்கள்: 2020 மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தனர். அவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அதே ஆண்டில், 1962இல் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் அங்கே மூடப்பட்டது. நிலையங்களுக்கும் ஆயுள் உண்டு. இன்றில்லாவிட்டால் நாளை அவை மூடப்படும். நாம் தயாராக இருக்கிறோமா என்பதே பிரச்சினை.

பிரிட்டனில் இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டார்கள். 1984இல் சுரங்கங்களை மூடக் கிளம்பிய தாட்சர் அரசு, ஓராண்டு நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒடுக்கியது. சுரங்க ஊர்கள் பல இன்னும் எழுந்து நிற்கவில்லை. அதே நாட்டில் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டபோது அப்படிப்பட்ட அழிவு நேரவில்லை. நிலக்கரி மின்சாரத்தை நிறுத்தப்போவதாக அரசு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்திருந்தது. தொழிற்சங்கங்களுக்குப் பேச நேரம் இருந்தது. முத்தனூருக்கும் கிருஷ்ணபட்டினத்துக்கும் அப்படி ஒரு தேதியை முன்கூட்டியே சொல்லும்படி நாம் கேட்க வேண்டும். அந்தப் பேச்சில் வாயிற்சீட்டுத் தொழிலாளியும் உட்கார வேண்டும். அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாவிட்டால், மூடும் நாளில் அவனுக்கு இழப்பீடு என்று எதுவும் வராது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 1979ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்தை விழுங்கிவிட்டது. அதில் நாம் இழந்தவை உண்டு. ஒரு வசதியும் உண்டு: ஒப்பந்தக்காரர் அழைத்து வராமல் தானாக வந்து வேலை தேடிக்கொண்டவரும் வெளிமாநிலத் தொழிலாளியாகக் கணக்கிடப்படுவார். ஆகவே பதிவு செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக் கூரை விஷயமும் சொல்லாமல் விட முடியாது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 3 கிலோவாட் கூரைத் தகட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். 2025 தொடக்கத்தில் குப்பம் தொகுதி நடிமூரு கிராமத்திலும், திருப்பதி மாவட்டம் நாராவாரிப்பள்ளியிலும் வீடு வீடாகத் தகடு ஏற்றினார்கள். நல்ல காரியம்; திருமலைக் கோயில் சமையற்கூடத்தில் 2002லேயே சூரிய நீராவியில் சோறு பொங்கினார்கள். ஆனால் கூரை சொந்தமாக இருப்பவருக்கே மானியம். நமது குடும்பங்கள் இருப்பது வாடகை லைன் வீடு. பத்து வீட்டுக்கு ஒரு மீட்டர். யூனிட்டுக்கு என்ன விலை என்பதை வீட்டுக்காரர் சொல்வதுதான் சட்டம். கரி விலை ஏறினால் எரிபொருள் சரிக்கட்டு என்று கட்டணத்தில் சேரும் தொகையும் அவர் வழியாக, அவர் கணக்கோடு சேர்ந்து, நம்மிடம் வருகிறது. கட்டண உயர்வை எதிர்த்து 2000 ஆகஸ்டு 28 அன்று ஹைதராபாத் பஷீர்பாகில் துப்பாக்கிச் சூட்டில் மனிதர்கள் இறந்த மாநிலம் இது. இங்கே வாடகைதாரருக்குத் தனி மீட்டரும், லைன் வீடுகளுக்குப் பொதுக் கூரைத் தகடும் கேட்பது அதிகப்படியான கோரிக்கையா?

செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். அனல்மின் நிலையம் கட்டவோ விரிவாக்கவோ வேண்டுமானால், 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். இங்கே ‘பிரஜாபிப்ராய சேகரணா’ என்பார்கள். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நடப்பது முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். கூட்டத்துக்கு வந்த எவரும் விளக்கம் கேட்கலாம் என்று விதியே சொல்கிறது. வாக்காளர் அட்டை இருந்தால்தான் பேசலாம் என்று அதில் எங்கும் இல்லை. எழுத்து மூலமும் கருத்துக் கொடுக்கலாம். குறைதீர்க்கும் மனுவை நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு கூறுகிறது. ‘தெலுங்கில் எழுதி வா’ என்று திருப்பி அனுப்பினால் அந்த எண்ணைச் சொல்லுங்கள். சூரிய மின் பூங்காக்களுக்கோ இந்த அறிவிக்கையில் கருத்துக் கேட்புக் கூட்டமே கிடையாது. தூயது என்ற காரணத்தால் கேள்வி கேட்கும் இடத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். அந்தக் கூட்டம் சூரிய பூங்காவுக்கும் வேண்டும் என்பதை, நிலக்கரிக்கு எதிராகப் போராடும் தெலுங்கு நண்பர்கள் தங்கள் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அவர்கள் ஊர்வலத்தில் நாமும் நடப்போம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும், கடந்த மூன்று மாதம் மின்சாரத்துக்காக வீட்டுக்காரரிடம் கொடுத்த தொகையைத் துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வரவும். கரி நிலையங்களிலும் பேட்டரித் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்கள் வாயிற்சீட்டையும் எடுத்து வரவும். பெண்கள் தவறாமல் வர வேண்டும். மின்கட்டணக் கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது.